என் கத்தோலிக்க மனச்சாட்சியும் ஒரு சின்னப் போத்தலும்

2024 பெப்ரவரி 6

பதவி உயர்வு மனு ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்தது. வலயக் கல்வி அலுவலகத்தில் பிழையில்லாமல் தமிழ் எழுதும் ஒரே ஆள் நான். அதற்கான தண்டனை போலும். வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்ததும் கிறிஸ்டின் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு இன்னொரு பிள்ளை வேணும். உங்கட பிள்ளை.”

எனக்கு ஐம்பது. அவளுக்கு முப்பத்தொன்பது. காலஞ்சென்ற முதற் கணவர் நிக்கலஸின் காலத்தில், இரண்டாவது பிள்ளையின் சிசேரியனோடு குழாயையும் வெட்டிக் கட்டிவிட்டார்கள். எங்கள் கலியாணத்துக்கு மூன்று வயது. இனி ஏலாதே என்றேன். அவள் டொக்டரிடம் ஏற்கெனவே நம்பர் எடுத்து வைத்திருந்தாள்.

பெப்ரவரி 21

டொக்டரின் வயது என் சேவைக்காலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டு வழி என்றார். ஒன்று, வெட்டிய குழாயைத் திரும்பப் பொருத்துவது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொருந்தினாலும் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. மற்றது, குழாயை மறந்துவிட்டு வெளியே கருவாக்கி உள்ளே வைப்பது. அதற்குக் கொழும்பு. இவவின் வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றார். “எதுக்கும் முதலில சேரைச் சோதிப்பம்” என்று ஒரு சின்னப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் எனக்குள் இருந்த கத்தோலிக்கன் எழும்பினான். குருமடத்தில் ஆறு வருடம் படித்து, அதிபரோடு சண்டை பிடித்து வெளியேறியவன். பதினொரு வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவன். அந்தப் போத்தலை நிரப்பும் முறை பாவம், வெளியே கருவாக்குவதும் பாவம் என்று இருபது நிமிடம் விளங்கப்படுத்தினேன். இலத்தீனில் இரண்டு வரி வேறு. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஓட்டோவில் கிறிஸ்டின் ஒரு முறைதான் வாய் திறந்தாள். “பிள்ளை கேட்டா உரோமாபுரியையே தூக்கிக்கொண்டு வாறீங்கள்.”

மார்ச் 29

பெரிய வெள்ளி. புதிய பக்திக்குக் கட்டுப்பட்டுக் கோயிலுக்குப் போக வேண்டியதாயிற்று. மூன்று மணித்தியாலம் நின்று கால் வீங்கியது.

ஜூலை 14

அவளுக்கு இன்று நாற்பது. கேக் வெட்டினோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 8

எனக்குச் சொல்லாமல் பங்குத்தந்தையிடம் போயிருக்கிறாள். பங்குத்தந்தை யார்? குருமடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த சஞ்சீவன், இலத்தீன் வராதவன். அவன் குருப்பட்டம் பெற்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“என்ன சொன்னான்?”

“சட்டம் நீங்கள் சொன்னதுதானாம். தன்னால மாத்த ஏலாதாம்.”

வென்றுவிட்டேன் என்று கதிரையில் சாய்ந்தேன்.

“இன்னொண்டும் சொன்னவர். குருமடத்தில பரீட்சை முடிவு வாற நாளெல்லாம் உங்களுக்குக் காய்ச்சல் வாறதாம்.”

அவள் குசினிக்குள் போய்விட்டாள். இலத்தீன் வாசிக்கத் தெரியாதவன் என்னை எப்படி வாசித்தான்?

ஓம், பயம்தான். வேற என்ன? குறை அவளிலதான் எண்டு இருக்கிற வரைக்கும் நான் பெருந்தன்மையான மனிசன். போத்தலுக்குள்ள ஒண்டுமில்லாட்டி நான் ஆர்?

செப்டம்பர் 12

லாபில் ஒரு குளியலறை. வாளி, கவிழ்த்து வைத்த கோப்பை, சீமெந்துக் கம்பனியின் போன வருடக் கலண்டர். நாற்பது நிமிடம். மனச்சாட்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் வெளியே காத்திருந்தது போல. போத்தலில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். திருத்தவில்லை. அந்த ஆளுடையதாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 16

முடிவு வந்தது: இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. அவையும் சோம்பேறிகள் — அரசாங்க உத்தியோகத்தனுடையவை அல்லவா. இனிக் குழாயைப் பொருத்திப் பயனில்லை. கொழும்புதான், அங்கே நல்லதாக ஒன்றைத் தெரிந்து ஊசியால் முட்டைக்குள் விடுவார்கள் என்றார் டொக்டர். எனக்குத் தகுந்த ஏச்சுக்காகக் கிறிஸ்டினைப் பார்த்தேன். “ஏழு மாதம்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஏசியே இருக்கலாம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “கோயிலுக்கு நான் பதில் சொல்லுறன். நீங்கள் கொழும்புக்கு ரிக்கெற் எடுங்கோ.”

நவம்பர் 11

கொழும்புச் செலவுக்காக, தம்பியோடு பன்னிரண்டு வருடம் வழக்காடிய காணியை அவனுக்கே விற்றேன். தேத்தண்ணி தந்தான். குடித்தேன்.

2025 ஜனவரி 22

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. மூன்று கரு உருவாகி ஒன்றுதான் தேறியது. நேற்று அதை உள்ளே வைத்தார்கள். இரண்டு கிழமை கழித்து இரத்தப் பரிசோதனை. அதுவரை ஒன்றும் சொல்ல ஏலாதாம். வழமைபோல நடக்கலாம், பாரம் மட்டும் தூக்க வேண்டாம் என்றார்கள்.

புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அவளுடைய கைப்பையை வாங்கித் தோளில் மாட்டினேன். சிவப்பு, முத்துப் பதித்தது, மகள் லதுஷா தெரிந்தெடுத்தது. “சீப்பும் செபமாலையும்தானே, தாங்கோ, சனம் பார்க்குது” என்றாள். சனம் பார்த்ததுதான். கொண்டக்டர் சிரித்தே விட்டான்.

ஹபரணை தாண்டிவிட்டது. அவள் நித்திரை. பை இன்னும் என் தோளில்.