எரிமீன் தோற்கக் கூடாது

வெள்ளி, 09:15
பதிவு செய்பவர்: ஷிபின், பராமரிப்புப் பொறியாளர். இடம்: 'எரிமீன் கோட்டை', பூமியைச் சுற்றும் கேளிக்கைப் பூங்கா. ஆட்கள்: நான் மட்டும். விருந்தினர்: இல்லை. காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி.

வேலை: எரிமீனின் முகத்தை உரிப்பது. ஆறு படங்களில் உலகத்தைக் காப்பாற்றிய நாயகன். ஏழாவது ஊத்திக்கொண்டது. அவன் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. முதலாளிகள் புதுப்பிக்கவில்லை, அடுத்து ஒரு நீலப் பூனைப் படத்துக்குப் பணம் கட்டிவிட்டார்கள். சுவர், நாற்காலி, கழிப்பறைக் கதவு, எங்கே பார்த்தாலும் அவன் மூஞ்சி. பசை கெட்டி. ஒரு நகம் பிய்ந்தது. ஞாயிறு மதியம் கப்பல் வந்து என்னைக் கூட்டிப் போகும்.

தாளில் கையால் எழுத வேண்டும் என்று விதி. எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

வெள்ளி, 11:40
எரிமீன் முத்திரை குத்திய எந்தக் கருவியும் உரிமக்காரர்களின் சாவி இருந்தால்தான் ஓடும். சாவி என்றால் பூமியிலிருந்து வரும் ஒரு குறியீடு. ஆறு மணிக்கு அது நிற்கும், முத்திரை உள்ளவை அணையும். காட்சி, இசை, பேசும் பொம்மைகள். அணையட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சோதனைக்காகச் சாவியை ஒரு நிமிடம் நிறுத்தினேன். விளக்குகள் போயின. பொம்மை ஒன்று பாதி வார்த்தையில் வாயை மூடியது. பிறகு என் காது அடைத்தது. அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் திரும்பப் போட்டேன். முள் நின்றது, மெல்ல ஏறியது.

காற்று நிரப்பியும் அணைந்திருக்கிறது.

வெள்ளி, 12:30
போய்ப் பார்த்தேன். காற்று நிரப்பியின் மேல் பளபளவென்று எரிமீன் முத்திரை. கீழே பெயர்: 'எரிமீனின் மூச்சு'.

இங்கே வேலை நடக்கும் முறையே இதுதான். கோட்டையைக் கட்டும்போது, படத்தின் பெயர் இல்லாத எதற்கும் முதலீட்டாளர்கள் பணம் தரவில்லை. பூமியைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல் வைக்கலாம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பூமி எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டு அதை அடித்துவிட்டார்கள். அதன் பிறகு பொறியாளர்கள் தேவையானதையெல்லாம் எரிமீன் தலையில் கட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டி அவனுடைய தாகம். வானொலி அவனுடைய குரல். காற்று நிரப்பி மூச்சு. பணம் உடனே வந்தது.

கோட்டையின் பெரிய மூட்டில் காற்று கசிகிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடைக்கப் பணம் கேட்டபோது கிடைக்கவில்லை. கசிவுக்கு எப்படி நாயகன் பெயரை வைப்பது? எனவே கசியக் கசிய நிரப்பிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். நிரப்பி நின்றால் எனக்கு மூன்று மணி நேரக் காற்று. கப்பலோ நாளை மறுநாள்.

வெள்ளி, 13:10
தரைக் கட்டுப்பாட்டுடன் பேசினேன். தூத்துக்குடியில் ஆன்றோ பணியில் இருந்தான். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன்.

"லே ஆன்றோ, கப்பலை இன்னைக்கே விடு."
"எப்படில விட? கப்பல் மூக்குல அவன் மூஞ்சி வரைஞ்சிருக்குல்லா. ஆறு மணிக்கு மேல அந்த மூஞ்சியோட பறந்தா கேஸ் போடுவாவளாம். பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டாவ."
"அடிச்சுட்டு விடு."
"காயணும்லா மக்கா. ஈரத்தோட கிளப்புனா நெருப்புப் புடிச்சிரும். எவ்வளவு முடுக்குனாலும் ஞாயித்துக்கெழமைதான்."
"நான் செத்த பெறவு வந்து பூனை படத்தை ஒட்டு."
"வாயைக் கழுவுல. வக்கீலம்மாவப் புடிக்கேன், இரி."

வெள்ளி, 14:20
சும்மா இருக்க முடியவில்லை. காற்று நிரப்பிகள் இரண்டு: ஓடுவது ஒன்று, மாற்றாக வைத்தது ஒன்று. மாற்றாக இருந்ததன் பெட்டியை உடைத்து நேராக மின்கம்பி கொடுக்கப் பார்த்தேன். மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகை தன்னைத்தானே எரித்துக்கொண்டது. யாரும் நகலெடுக்கக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. இப்போது மிச்சம் ஒன்றுதான். என் அவசரம்.

வேறு வழிகளும் பார்த்தாயிற்று. ஓர் அறையை இறுக மூடிக்கொண்டு உள்ளே இருக்கலாமா என்றால், கோட்டையில் பன்னிரண்டு இரும்புக் கதவுகள். தட்டிப் பார்த்தால் பதினொன்று தெர்மோகோல். உண்மையான கதவு, கப்பல் வந்து சேரும் கதவு மட்டும். விண்வெளி உடைகள் எட்டு. எட்டும் வேஷத்துக்கு. கசியும் மூட்டில் கை எட்டிய இடமெல்லாம் பசை பூசினேன். மீதி, வெல்டிங் வைத்த எரிமீன் சிலைக்குப் பின்னால். சிறிய உருளையோடு ஒரு பிராணவாயு முகமூடி இருக்கிறது. அது நிஜம்.

வெள்ளி, 15:05
உரிமப் பிரிவு வழக்கறிஞர் மேகலாவிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"ஷிபின், கவனமாக் கேளுங்க. படத்தோட உரிமையை வேற கம்பெனி வாங்கிட்டாங்க. ஆறு மணிக்குச் சாவி அவங்க கைக்குப் போயிடும். போன் பண்ணா, வார விடுமுறைன்னு பதிவுக் குரல்தான் வருது. ஆனா ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. காட்சி நடக்கும்போது பாதியில சாவியை நிறுத்தக் கூடாது. டிக்கெட் வாங்கினவங்க சண்டைக்கு வருவாங்கன்னு போட்டது. ஆறு மணிக்கு முன்னாடி ஆரம்பிச்ச காட்சி முடியற வரைக்கும் எல்லாமே ஓடும். புரியுதா? போய் உக்காந்து படம் பாருங்க. நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வக்கீல்களைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்.

வெள்ளி, 17:45
காட்சி தொடங்கியது. விருந்தினர்: ஒருவர். நாற்காலியில் மூட்டையை வைத்து ஏமாற்றப் பார்த்தேன், நடக்கவில்லை. நாற்காலி நாடித்துடிப்பைக் கேட்கிறது. விருந்தினர் எவ்வளவு படபடக்கிறார் என்று முதலீட்டாளர்களுக்குக் காட்ட வைத்த கருவி. ஆகவே நானே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் பிஸ்கட், தண்ணீர், வானொலி, காலி பாட்டில் இரண்டு.

கடைசிக் கட்டத்தில் எரிமீன் ஏழுதலை அசுரனோடு மோதுவான். விருந்தினர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அசுரன் சாவான், காட்சி முடியும். அழுத்தாவிட்டால் எரிமீன் காத்திருப்பான். நான் அழுத்த மாட்டேன்.

வெள்ளி, 18:35
உரிமம் முடிந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காற்று நிரப்பி ஓடுகிறது. சண்டைக் கட்டம் வந்துவிட்டது.
"தம்பி, பொத்தானை அழுத்து! உலகம் நம்ம கையில!" என்கிறான் எரிமீன்.
காத்திரு.

சனி, 10:30
விடிய விடிய அதே குரல். தூங்கினேனா என்று தெரியவில்லை. வசனம் முழுக்க மனப்பாடம்.

ஆன்றோ கூப்பிட்டான். "படம் எப்படில?"
"ரெண்டாம் பாதி இழுவை."
"நானே வாரேன் கேட்டியா. கப்பல்ல ஒரு ஆளு போகலாம்னாவ, பேரைக் குடுத்துட்டேன். பெயிண்டும் நாந்தான் அடிச்சேன், மயிரெல்லாம் வெள்ளை. எங்கம்மைக்கு அடையாளமே தெரியல."

சிரித்தேன். அழுத்தம் சரி.

சனி, 16:20
அசுரனுக்கு ஐந்து தலைதான் இருக்கிறது. காலையில் ஏழு இருந்தது. கண் மயக்கமோ என்று இரண்டு முறை எண்ணினேன்.

மேகலாவைக் கேட்டேன். ஒப்பந்தத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு:
"விருந்தினர் தடுமாறினா காட்சியே எதிரியைக் கொஞ்சம் கொஞ்சமா பலவீனமாக்கும். தோத்துட்டு வீட்டுக்குப் போற குழந்தைக்கு யாரும் பொம்மை வாங்கித் தர மாட்டாங்கன்னு ஒரு கணக்கு. எரிமீன் எங்கயுமே தோற்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காகத்தான் முதலீட்டாளர்கள் பணமே போட்டாங்க, ஷிபின்."
"அதை நிறுத்துங்க."
"என்னால முடியாது. புதுக் கம்பெனி ஆள் ஒருத்தர் வீடு அடையாறுல இருக்கு. நேர்லயே போறேன்."

சனி, 21:10
ஒன்று கண்டுபிடித்தேன். என் நாடி ஏறினால் அசுரன் வேகமாகச் சுருங்குகிறான். நான் பயப்படுகிறேன் என்று எரிமீனுக்கு இரக்கம். ஆகவே பயப்படக் கூடாது. மூச்சை மெதுவாக இழுக்கிறேன், வாய்ப்பாடு சொல்கிறேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன், ஒரு தலை போயிற்று. பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஞாயிறு, 06:50
கப்பல் கிளம்பிவிட்டது. ஆன்றோ உள்ளே இருக்கிறான். நேற்று அடையாறு வீட்டில் பூட்டுத்தான் தொங்கியது என்று மேகலா சொன்னார். மன்னிப்புக் கேட்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை, நாடி ஏறும்.

அசுரனுக்கு ஒரு தலை. நாய்க்குட்டி அளவு. சிலநேரம் என்னைப் பார்க்கிறது. அதை ஜெயிக்க விடுங்கள். யாராவது.

எரிமீன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். இதுவரை கேட்காத வசனம்.
"களைச்சுப் போயிட்டியா தம்பி? பரவாயில்லை. நான் இருக்கேன்ல."

ஞாயிறு, 08:05
கத்தினேன். வேண்டாம் என்று கத்தினேன். கத்தினால் நாடி ஏறும் என்று தெரிந்தும்.
"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் தம்பி. உனக்காக நானே அழுத்தறேன்."
பொத்தான் தானாக உள்ளே போயிற்று. அசுரன் புகையானான். கைதட்டல், பூமழை. திரையில் என் பெயர், பக்கத்தில் 'வெற்றி வீரன்'.
பிறகு எல்லாம் அணைந்தது. வானொலியும். அதுவும் அவன் குரல்தானே.
நிரப்பிச் சத்தம் இல்லை. காது அடைக்கிறது.

ஞாயிறு, 09:40
வெளிக் கதவுக்கு வந்துவிட்டேன். கப்பல் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். காற்று இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு முகமூடி, இருபது நிமிடம். கணக்கு இடிக்கிறது. பசை பூசிய இடம் எவ்வளவு தாங்கும் என்பது கணக்கில் இல்லை. அதைத்தான் நம்ப வேண்டும்.

ஞாயிறு, 11:25
முகமூடி போட்டாயிற்று. விரல் நீலம். எழுத்து கோணல், மன்னி.

ஆன்றோ. இந்தத் தாளைக் கதவின் கண்ணாடியில் ஒட்டுகிறேன், எழுத்து உன் பக்கம். பக்கத்தில் அழுத்தமானி தெரியும். முள் சிவப்பில் இருந்தால் கதவைத் திறக்காதே. திறந்தால் உன் காற்றும் இங்கே வந்துவிடும், இரண்டு பேரும் போவோம். நீ யோசிக்காமல் திறப்பாய், உன்னை எனக்குத் தெரியும். திறக்காதே.

மூன்று தடவை தட்டு. நான் திருப்பித் தட்டினால், கதவின் அடியில் உள்ள துளையில் உன் காற்றுக் குழாயைச் செருகு. முள் ஏறட்டும். அப்புறம் கதவு.

தட்டாவிட்டால் செருகாதே. உன்னிடம் இருப்பது அளவான காற்று, செத்தவனுக்காக வீணாக்காதே. திட்டிக்கொண்டே போ. போய்விடு

ஒட்டியாயிற்று. இது வேறு தாள்.

முள் சிவப்பு

வெளியே வெள்ளையாக ஏதோ. சூரியனா கப்பலா தெரியவில்லை. சத்தம் வந்ததா, என் காதா

தட்டுகிறேன்
ஒன்று
இரண்டு