கூம் ரயிலில் வரலாம்

சுபோத்திசா,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய கூம் ரதிவோயே அவர்களுக்கு வெலிமிர் எழுதுவது.

இன்று நண்பகலில் ஹோர்கோஷ் எல்லைச் சாவடியில், ஹங்கேரியிலிருந்து நம் பக்கம் வரும் கார்கள் ஆறு மணி நேரம் நின்றன. சொன்னவர் சுங்கத்தில் வேலை பார்க்கும் ஷிவ்கோ. வானொலியும் அதையே சொன்னது. ஒரே ஆள் சொன்னதை வைத்து நான் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வரும் ஞாயிறு இதைவிட மோசமாக இருக்கும் என்கிறார் ஷிவ்கோ. வியன்னாவிலும் மியூனிக்கிலும் உழைக்கும் நம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில், ஒரே சாலையில், குடும்பத்துக்கு ஒரு கார் என்று வருகிறார்கள். வெயிலில் கதவைத் திறந்துபோட்டுக் கொண்டு, கோழி வறுவல் தின்றபடி, தேசமே வரிசையில் நிற்கிறது. அதற்குப் பெயர் விடுமுறை.

உங்கள் கொள்ளுத்தாத்தா என் கொள்ளுத்தாத்தாவின் திருமணத்தில் மெழுகுவர்த்தி பிடித்துச் சாட்சியாக நின்றார். அன்றிலிருந்து உங்கள் வீட்டு ஆண் எங்கள் வீட்டுக்குக் கூம். கூமைத் திட்டக் கூடாது என்பது வழக்கம். அதனால் நான் திட்டவில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

என் மகன் மிலுத்தினின் கல்யாணம் வரும் ஞாயிறு காலை பதினொன்றுக்கு. பாதிரியார் கவ்ரிலோ காத்திருக்க மாட்டார். அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது, அதற்குள் முடிக்க வேண்டிய கல்யாணங்கள் அவருக்கு வரிசையாக இருக்கின்றன. பெண்ணின் தகப்பன் ப்ராங்கோ நேற்று என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, என் பிராந்தியையே குடித்துக்கொண்டு சொன்னார்: “மணி அடிக்கிறப்ப உங்க கூம் வாசல்ல இல்லன்னா, என் மச்சான் கோட்டு போட்டு ரெடியா நிப்பான்.” அவர் மச்சானை உங்களுக்குத் தெரியும். பன்றித் தீவனம் விற்பவர். நம் இரண்டு குடும்பமும் நான்கு தலைமுறையாகக் காத்ததை அந்தக் கோட்டுக்குள் போட்டு மூடிவிடுவார்கள்.

என் மூத்தவன் திஹோமிரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த நாளை நான் நினைவூட்டப் போவதில்லை. நீங்கள் எல்லையில் நின்றுகொண்டு வண்டியின் குளிர்சாதனம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று போனில் சொன்னீர்கள். இங்கே குழந்தை தண்ணீரில் கத்தியது. உங்கள் இடத்தில் சாட்சியாகத் தபால்காரரைப் பிடித்து நிறுத்தினோம். நீங்கள் வந்து சேர்ந்தபோது ஆட்டுக்கறியின் கொழுப்பு உறைந்திருந்தது. திஹோமிர் இன்றுவரை உங்கள் பெயரைச் சொல்வதில்லை.

போன செவ்வாய் போனில் பேசியபோது, ரயிலில் வாருங்கள் என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். “கூம் ரயில்ல வந்தா ஊரு என்ன சொல்லும்? கூம் வண்டியில கட்டுற பூப்போட்ட துண்டை எதுல கட்டுவீங்க, என் பெட்டியிலயா?” என்றீர்கள். சனி மாலை கிளம்பினால் இரவில் சாலை காலி என்றும் சொன்னீர்கள். காலியாக இருக்கும், எல்லைவரை. ஏன் வெள்ளிக்கிழமையே கிளம்பக் கூடாது என்று கேட்டதற்கு, வண்டி சனி மாலைதான் கைக்கு வரும் என்றீர்கள். ஒரு மூச்சு விட்டு, சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சேர்த்துக்கொண்டீர்கள்.

ரயிலை நான் புகழவில்லை. புடாபெஸ்டில் ஒரு நிலையத்தில் இறங்கி, பெட்டியோடு இன்னொரு நிலையத்துக்கு ஓட வேண்டும். செகெடில் மறுபடி மாற வேண்டும். அங்கிருந்து வருவது ரயில் என்று சொல்லிக்கொள்ளும் சின்ன வண்டி. சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே, மாப்பிள்ளை பிடிக்காத மணப்பெண் மாதிரி நகரும். எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், விட்டுவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் வரிசை கிடையாது. சனி காலை வியன்னாவில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பீர்கள். இந்தக் கடிதத்தை உங்களிடம் தரும் பெண், என் வீட்டுக்காரி ஸ்டோயாங்காவின் தங்கை மகள், அதே வழியில்தான் வந்திருக்கிறாள். அவளையே கேளுங்கள். சட்டை கசங்கியிருக்கும். மானம் கசங்கியிருக்காது.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் இரண்டும் நடக்காது, கூமே. நம் ஊர்க்காரன் வெளிநாட்டில் முப்பது வருடம் வேலை செய்கிறான், வருடத்தில் மூன்று வாரம் தெருவில் மெதுவாக ஓட்டிக் காட்ட. வேலியோரம் நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சக்கரத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் உள்ளே போய், அவன் எவ்வளவு கிழவனாகிவிட்டான் என்று பேசுகிறார்கள். இந்தக் கூத்துக்கு என் மகனின் கல்யாணத்தைப் பணயம் வைக்க வேண்டுமா?

இன்னொன்று. நாற்பது வருடம் பத்திரிகையில் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். மூன்று கோடைகளில் நீங்கள் மூன்று வண்டிகளில் வந்தீர்கள். மூன்றும் பளபளவென்று இருந்தன. ஒன்றின் சாவியில் இருந்த, திருப்பித் தர வேண்டிய தேதி போட்ட அட்டையை ஸ்டோயாங்காவும் பார்த்தாள். நான் எதையும் கேட்கவில்லை. தெருவில் வேறு யாரும் கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டோம்.

மிலுத்தினிடம் ப்ராங்கோ சொன்னதைச் சொன்னேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “அப்பா, அவரு நடந்து வந்தாலும் சரி. அவரு இல்லாம நான் உள்ள போகமாட்டேன்” என்றான். சின்ன வயதில் அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அது உங்கள் சைக்கிள்கூட இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுடையது. அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

வீட்டில் மற்றபடி எல்லாரும் நலம். பிளம் மரங்கள் இந்த வருடம் அளவுக்கு மீறிக் காய்த்திருக்கின்றன. ஸ்டோயாங்காவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை. துண்டில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் தைத்து முடித்துவிட்டாள். அது பெட்டியின் கைப்பிடிக்கும் சரியாக வரும். நான் கட்டிப் பார்த்தேன்.

இது வரை உறுதியானவை: பெண், பாதிரியார், மேளக்காரர்கள், ஆட்டுக்குட்டிகள். உறுதியாகாதது ஒன்றுதான். வியாழன் மாலைக்குள் உங்கள் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், சனி மாலை செகெட் வண்டி வரும் நேரத்துக்கு நான் நிலையத்தில் நிற்பேன். அது எப்போதும் தாமதம். கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பேன்.

கடவுள் உங்கள் வழியைச் சுருக்கட்டும். வெறுங்கையோடு வாருங்கள், கூமே. மெழுகுவர்த்தி பிடிக்க ஒரு கை போதும்.

என்றும் உங்கள் வீட்டுக்குக் கடன்பட்ட,
வெலிமிர்