காட்டின் அடித்தட்டு

அன்புள்ள ராக்காயி,

இதை நீயே எழுத்துக்கூட்டிப் படி. அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

எனக்குச் செருப்பு தைக்கக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்.

முன்பெல்லாம் காட்டின் உச்சியைப் பற்றியே எழுதுவேன். மலாய்க்காரர்கள் துவாலாங் என்று சொல்லும் மரம் மற்ற மரங்களையெல்லாம் தாண்டி நிற்கும், அதன் கிளைகளில் தேனடைகள் தொங்கும் என்று. இப்போது நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கும் காட்டின் அடித்தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்த இருட்டில் இடுப்பளவு மரக்கன்றுகள் வளராமல் அப்படியே நிற்கின்றன. பெரிய மரம் ஒன்று விழுந்து வெயில் இறங்கினால்தான் வளருமாம்.

ரப்பர் நடுவதற்காகக் காடு வெட்டும்போது சின்ன மரங்களைப் பாதி வெட்டி நிறுத்திவிட்டு, கடைசியில் பெரியதைச் சாய்ப்போம். அது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். அன்று துவாலாங் சரிந்தபோது நான் தள்ளித்தான் நின்றேன். ஆனால் எனக்குப் பின்னாலிருந்த மரத்தையும் அதையும் உச்சியில் ஒரு கொடி பிணைத்திருந்தது; அதுவும் சேர்ந்து என்மேல் விழுந்தது. கீழே நிற்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

என்னோடு மரம் வெட்டிய பிச்சைமுத்து தினமும் வந்து, "உசுரு இருக்கு லா அண்ணே, அது போதும்" என்கிறான். கோபம்தான் வருகிறது. நடந்து வந்து சொல்கிறான், சொல்லிவிட்டு நடந்து போகிறான்.

இனியும் கப்பல் ஏறுவாயா என்று கேட்கமாட்டேன். வந்தால், ஈப்போ ஸ்டேஷனுக்கு அவன் என்னை மாட்டுவண்டியில் கொண்டுவருவான். நிற்கிறவர்களுக்கு நடுவில் என்னைத் தேடாதே. கொஞ்சம் கீழே பார்.

உன் வீட்டுக்காரன்