பிரேமாவுக்குப் பிறகு ஒரு கமா

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
7 ஜூலை 2024

அன்புள்ள நாச்சியாருக்கு,

பிரேமா எழுதுவது. கடிதத்தைக் கிழிப்பதானால், சுமந்தைப் பற்றி இருப்பதை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

என் ஃபோனை நீ எடுப்பதில்லை. அது உன் இஷ்டம். சித்தி வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்லாமல், எங்கள் கல்யாணம் முடிந்தபின் ஃபோட்டோ அனுப்பியது சரியில்லை என்று உன் அப்பாவிடம் நானும் சொன்னேன்.

உன் தம்பி சுமந்த் இப்போது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ், மலையாளம், தமிழ், எதில் எழுதினாலும் ஒரு புள்ளி கிடையாது, கமா கிடையாது. பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். போன வருஷம் நீ சொல்லிக்கொடுத்து எல்லாம் ஒழுங்காகப் போட்டவன்தான். வீட்டில் கவனிக்கச் சொல்லி டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். தினமும் சாயங்காலம் அவனோடு உட்காருகிறேன். "மூச்சு விடற எடத்துல கமா போடு" என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பக்கத்தையும் கடகடவென்று படித்து, முகமெல்லாம் சிவந்துபோய், "பாத்தேளா, ஒரு கமாவும் வேண்டாம்" என்கிறான்.

"அக்கா எப்படிச் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டால், "அது அக்காவுக்குத்தான் அறியும்" என்கிறான்.

நான் படித்தது மலையாளம் மீடியம். தமிழ் எழுதப் பழகியது வாரப் பத்திரிகை படித்துத்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சொல்லிக்கொடுத்த விதத்தை இரண்டு வரி எழுதினால் போதும்.

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

அன்புடன்,
பிரேமா


திருநெல்வேலி
15 ஜூலை 2024

ஸ்ரீவராகம் வீட்டுக்கு,

சுமந்துக்காக மட்டும் எழுதுகிறேன்.

மூச்சுக் கணக்கெல்லாம் அவனிடம் எடுபடாது. நாங்கள் கட்டிலில் பஸ் விளையாடுவோம். அவன் டிரைவர், நான் கண்டக்டர். வாசித்துக்கொண்டே ஓட்டுவான். வாக்கியம் முடிந்தால் நான் ஒற்றை பெல் அடிப்பேன். வண்டி நின்றே ஆக வேண்டும், அது முற்றுப்புள்ளி. டபுள் பெல் அடித்தால் அடுத்த வாக்கியம். கமா என்றால் ஹம்ப், ரோட்டு வேகத்தடை. நிற்கக் கூடாது, மெதுவாக ஏறி இறங்க வேண்டும். பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஹம்ப். இல்லாவிட்டால் பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். "தம்பானூர் போகுமா?" என்று யாராவது கேட்டால் கேள்விக்குறி. மேற்கோள் குறி கதவு. பேசுகிறவர் ஏறும்போது திறக்க வேண்டும், பேசி முடித்ததும் சாத்த வேண்டும். அவன் சாத்த மறந்துவிடுவான்.

எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்தான் பெல்.

நாச்சியார்


ஸ்ரீவராகம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நாச்சியாருக்கு,

வீட்டுக்கு எழுதியிருந்தாய். வீட்டில் நான்தான் இருந்தேன், நானே படித்தேன்.

கட்டிலில் ஏறி டம்ளரைக் கையில் எடுத்ததுமே பிடுங்கிக்கொண்டான். "கண்டக்டர் அக்காவாக்கும். நீங்க வேணும்னா யாத்ரக்காரி" என்றான். சரி என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பெல்லும் அவனே, ஸ்டியரிங்கும் அவனே. ஹம்ப் வந்தால் நான் குலுங்க வேண்டும். சரியாகக் குலுங்காவிட்டால் வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றுகிறான். என் இடுப்பைப் பற்றி அவனுக்கென்ன கவலை! உன் அப்பா எட்டிப் பார்த்து, "கிழக்கே கோட்டை போகுமா?" என்றார். "ஃபுல்!" என்று கத்திவிட்டு, அதுதான் ஆச்சரியக்குறி என்று அவருக்கு விளக்கமும் சொன்னான்.

இப்போது புள்ளி வைக்கிறான். கமா பாதி வருகிறது. கதவு இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

வண்டியை விட்டு இறங்கும்போது, "அக்கா எப்போ ட்யூட்டிக்கு வருவா?" என்று கேட்டான். உன்னிடம் எழுதிக் கேட்பதாகச் சொன்னேன்.

அன்புடன்,
பிரேமா


திருநெல்வேலி
13 ஆகஸ்ட் 2024

பிரேமா ஆன்ட்டிக்கு,

"ஃபுல்!" என்று அவன் கத்தியதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். என் ரூம்மேட் என்னவோ என்று பார்த்தாள்.

கண்டக்டர் லீவு என்று அவனிடம் சொல்லுங்கள். எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. அம்மா நடமாடிய வீட்டில் இன்னொருவரைப் பார்க்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபம் என்று சொல்ல முடியவில்லை. உங்களை எனக்குத் தெரியவே தெரியாதே.

பின் சீட்டில் தலையணை போட்டு உட்காருங்கள்.

நாச்சியார்


ஸ்ரீவராகம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள நாச்சியாருக்கு,

ஓணம் லீவில் 'என் வீடு' என்று சுமந்தைத் தமிழில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். முதல் வரி இது: "எங்கள் வீட்டில் அப்பா பிரேமா அம்மா அக்கா நான்." உன் அப்பா கூப்பிடுவதைக் கேட்டு அவனும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

எழுதி முடித்துவிட்டு ஹம்ப் போட ஆரம்பித்தான். அப்பாவுக்குப் பிறகு ஒன்று. அப்புறம் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிரேமா கழிஞ்சு கமா வேணுமா?" என்றான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"போடலேன்னா நீங்க பிரேமா அம்மா ஆயிடுவேள். போட்டா பிரேமா வேற, அம்மா வேற. ஏது சரி?"

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். போடாதே என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாற்பத்தொரு வயதாகிறது, என்னை யாரும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. உன் அம்மாவின் படம் எதிரே இருந்தது.

"போடு. அம்மா தனி ஆளாக்கும்" என்றேன்.

பெரிதாக ஒன்று போட்டான். பிறகு அம்மாவுக்கு, அக்காவுக்கு. "இப்போ எல்லாருக்கும் சீட் உண்டு" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

நான் செய்தது சரிதானே? உன்னைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

அன்புடன்,
பிரேமா


திருநெல்வேலி
28 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரேமா ஆன்ட்டி,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்துப் பிரித்துவிட்டேன். பாதியில் எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

சரிதான். நீங்கள் செய்தது சரிதான்.

அம்மா போனபோது எனக்குப் பதினான்கு வயது. துக்கம் கேட்க வந்த எல்லாரும், "இனிமே நீதாண்டி அவனுக்கு அம்மா" என்றார்கள். எனக்கும் அம்மாதானே போய்விட்டாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அவனுக்கு அக்காவாகவே இருக்கத்தான் பஸ் விளையாடினேன். நீங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவை அம்மாவாகவே விட்டுவைத்திருக்கிறீர்கள்.

பூஜை லீவுக்கு வருகிறேன். பத்தாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியான வண்டி. ஸ்டேஷனுக்கு அப்பா வர வேண்டாம்; அவரிடம் சண்டை போட வேண்டியதை வீட்டில் வந்து போடுகிறேன். சுமந்தும் வேண்டாம், அவன் இருந்தால் நம்மைப் பேச விட மாட்டான். நீங்கள் மட்டும் வாருங்கள்.

ஒரு சிக்கல். அப்பா அனுப்பிய ஃபோட்டோவை நான் அன்றைக்கே அழித்துவிட்டேன். உங்கள் முகம் சரியாக நினைவில்லை. என்ன நிறப் புடவை கட்டிக்கொண்டு வருவீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
நாச்சியார்


ஸ்ரீவராகம்
3 அக்டோபர் 2024

என் அன்பு நாச்சியாருக்கு,

பச்சை, அரக்கு பார்டர்.

ஆனால் நீ தேடி அலைய வேண்டாம். பள்ளிக்கூட யூனிஃபார்மில் நீ நிற்கிற படத்தை நான் தினமும் துடைத்து வைக்கிறேன். எத்தனை கூட்டமாக இருந்தாலும் உன்னை எனக்குத் தெரியும். இறங்கிய இடத்திலேயே நில், நான் வந்துவிடுகிறேன்.

பிரேமா