அப்பாவின் கை தட்டல்

கிரீன்வில், மிசிசிப்பி
ஜூன் 9, 1987

அன்பு மகள் ஓராவுக்கு,

நான் நலம். என் முட்டியைக் கேட்டால் அது வேறு சொல்லும், கேட்காதே. சியாட்டில் மழையில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஏப்ரலில் மெம்பிஸிலிருந்து ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். அறுபத்தொன்றில் உன் அப்பா பாடிய தட்டை மறுபடி வெளியிடுகிறார்களாம். உறையில் பெயர் போட வேண்டும், பாடிய ஹோஷியாதானே கிதாரும் வாசித்தார் என்று கேட்டார். நான் அவருக்கு இன்னொரு துண்டு பீச் பழக் கேக் வைத்தேன். பதில் இல்லாதபோது நான் பரிமாறுவேன், உனக்குத் தெரியும். என் பெரியம்மா லூவீனியா இருபதுகளில் ஊர் ஊராகப் போட்ட கூடாரங்களில், நம் சனங்களின் துயரப் பாட்டான ப்ளூஸை மைக் இல்லாமல் பாடினாள். சுவரொட்டியில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். பாடும் பெண் அவர்களுக்குப் புரிந்தாள். கிதார் பிடித்த பெண்ணைக் கண்டால் மட்டும் புருஷன் எங்கே என்று தேடினார்கள். நான் தேட வைக்கவே இல்லை, உன் அப்பாவை முன்னால் நிறுத்திவிட்டேன். ஆம் ஓரா. அந்தத் தட்டில் கிதார் நான்தான். அப்போதுதான் சபைப் பாடகர் குழுவில் சேர்ந்திருந்தேன், ப்ளூஸ் பிசாசின் பாட்டு என்று போதகர் வாராவாரம் முழங்கினார். பயம். நீ பள்ளிக்குப் போனபின் வாசிப்பேன், நீ திரும்பும்போது கிதார் அப்பா மடியில் இருக்கும். அவர் அதை அழகாகப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான்.

இப்போது சபையின் மூத்த தாய்மார் குழுவில் இருக்கிறேன். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, முன் பெஞ்சு. உண்மை தெரிந்தால் பின் பெஞ்சுதான். ஆனாலும் இந்த மாத முதல் ஞாயிறு, சபை முன் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். ஒரு வாரம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பேச்சு. பாதியில் கண்ணீர்கூட வந்தது, அதையும் ஒத்திகை பார்த்திருந்தேன். அந்தக் கிதார் நான்தான் என்று முடித்தேன். எல்லார் கை விசிறிகளும் நின்றன. யூலாலி அத்தைதான் வாயைத் திறந்தாள். ஏண்டி வெர்டெல், இதுக்கா இம்புட்டு அழுகை, ஹோஷியா சாகுற வரைக்கும் இருபது வருஷம் இதே பெஞ்சுல உக்காந்து கை தட்டுனான், ஒரு நாளாவது தாளத்துல தட்டுனானா, அந்தக் கையா கிதார் வாசிச்சிருக்கும், போய் உக்காருடி என்றாள். சபையே சிரித்தது. போதகர் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் நான் கட்டிக்காத்த பாவம், ஊருக்கே தெரிந்த பாவம். என் தொப்பியின் இறகுகூட வெட்கப்பட்டது.

அப்பாதான் வாசித்தார் என்று நம்பியவள் நீ ஒருத்திதான். 'என் கை அப்பாவின் கை' என்று உன் கிதார் வாசிப்பைப் பற்றி சியாட்டில் பத்திரிகையில் சொன்னாயே, அதை வெட்டி வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பேன், மூடிவிடுவேன். அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ வாசிக்கக் கற்றாய். பக்கத்து அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ தப்பாக வாசித்த இடத்தில்கூட வாயைத் திறக்கவில்லை. சபைக்கு முன் அழ ஒத்திகை பார்த்தேன், இந்த ஒரு பத்தியை ஒத்திகை பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வருகிறார். உறையில் கிதாருக்கு என் பெயரைப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போடப்போகிறேன். அதற்கு முன் நீ அறிய வேண்டும். கோபம் வந்தால் போன் செய், திட்டு, நான் பரிமாற முடியாத தூரத்தில் இருக்கிறாய், நல்லது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. ஈரக்காற்றில் கிதார் தந்திகளைத் தளர்த்தி வை. நவம்பரில் வரும்போது கொண்டு வா. சபையில் மட்டும் கை தட்டாதே. அது உன் அப்பாவுடையது.

உன் அம்மா,
வெர்டெல் பிக்ஸ், கிதார்