பாதியில் எழுந்த நேர்ச்சை

என் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது அம்மாவின் வலது முட்டியும் வீங்கிவிட்டது. தினமும் வீட்டுத் தரையில் முட்டியால் நகர்ந்து பழகுகிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"ஒங்கப்பா கோயில்ல பாதித் தூரத்துலயே எந்திரிச்சிட்டாவ. மிச்சத்த அவுக செத்த மொத ஆண்டுப் பூசையன்னைக்கு நான் முடிக்கணும்லே. குறை நேர்ச்சைதான் அவுகளக் கொண்டுபோச்சு."

எனக்குத் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை கிடைக்க வேண்டுமென்று நீங்கள் நேர்ந்துகொண்டது அது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முட்டியால் நடப்பது. முப்பது வருடம் தோணித் தளத்தில் முட்டி போட்டு, தண்ணீர் கசியாமலிருக்கப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்தவர் நீங்கள். முட்டி அப்போதே எலுமிச்சை அளவு வீங்கியிருந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏலே, தோணி வேலைக்காரனுக்கு முட்டி வீங்காம மூக்கா வீங்கும்?" என்று சிரித்தீர்கள்.

பாதியில் தோல் கிழிந்து எழுந்தீர்கள். மறுநாள் முட்டி சிவந்து, தொட்டால் சுட்டது. நான் என்ன செய்தேன்? எலும்புத் தேய்மானம் என்று நானே முடிவு கட்டி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தந்தேன். மாத்திரை காய்ச்சலையும் அமுக்கிவிட்டது. நான்கு நாள், குறைகிறது என்றே நினைத்தோம். ஐந்தாம் நாள் உங்களுக்கு நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரி டாக்டர் பிறகுதான் விளக்கினார். முட்டிச் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே, உராய்வைத் தாங்க ஒரு நீர்ப்பை உண்டாம். ஓயாமல் அழுத்தினால் வீங்கும். வெறும் வீக்கமானால் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் பெரும்பாலும் போதும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் உள்ளே கிருமி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீரை ஊசியால் எடுத்துப் பார்த்து, கிருமிக்கு மருந்து கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது ரத்தத்தில் கலந்திருந்தது.

"முதல் நாளே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். அம்மா அப்போது வெளியே ஜெபமாலையோடு இருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை.

கிரேனில் ஒரு பேரிங் சூடானால் ஓட்டத்தை நிறுத்தித்தான் பார்ப்பேன். உங்களை மட்டும் ஏன் பார்க்காமல் விட்டேன்?

நேற்று அம்மாவை அதே டாக்டரிடம் காட்டினேன். வெறும் வீக்கம்தான். ஆறு வாரம் முட்டி போடக் கூடாது என்றார். ஆட்டோவில் திரும்பும்போதே, "டாக்டருக்கு என்னலே தெரியும், நேர்ச்சை யாருக்குன்னு?" என்றாள். பூசைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

உங்களைக் கொண்டுபோனது குறை நேர்ச்சை இல்லை, நான் கடத்திய நான்கு நாள் என்று சொன்னால்தான் அவள் நிறுத்துவாள். அதற்கப்புறம் அவளை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் சொல்லிவிடுகிறேன், அப்பா. நாளைக்குத் தள்ள மாட்டேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி. பூசைக்கு இரண்டு காலில் நடந்து போகட்டும்.

உங்கள் ஒரே மகன்,
சேவியர்