நாச்சிமுத்து போன ஹெலிகாப்டரும் எங்கள் ஊர்க் கம்பமும்

கோபம் வந்தாலும் 'ங்க' போட்டே திட்டுகிற என் மச்சானுக்கு,

நீங்கள் போனபின் ஊரில் இது மூன்றாவது மாரியாத்தா நோன்புத் திருவிழா. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல வேறொரு கை எழுதுகிறது. யார் கை என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மகன் நாச்சிமுத்து போன ஹெலிகாப்டரைக் காணோம், மச்சான். பட்டாளத்தில் அதன் இஞ்சினைப் பார்க்கிற வேலைதானே அவனுக்கு? வடக்கே பனிமலைப் பக்கம் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பியதாம். போன இடத்துக்கும் சேரவில்லை, புறப்பட்ட இடத்துக்கும் திரும்பவில்லை. தேடுகிறோம் என்று தந்தி வந்தது. ரேடியோவிலும் சொன்னார்கள்.

ஒரு தடவை நம் ஊருக்கு மேலே ஒன்று தாழப் பறந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வீதியில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தவர்கள் நூல் பறந்துவிடும் என்று பாவின் மேலேயே படுத்துவிட்டார்கள். எங்கள் சேவல் கிணற்றுக்குள் விழுந்து, அதை எடுக்கப் போனவன் பாம்பைப் பார்த்து... அது வேறு கதை. நீங்கள் மட்டும் அண்ணாந்து, "ஏனுங்க மாப்ள, ராட்டையத் தலமேல கட்டிக்கிட்டு ஒருத்தன் போறானுங்க!" என்றீர்கள். நாச்சிமுத்து அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை. அவன் பட்டாளத்தில் சேர்ந்தது அன்றைக்குத்தான் என்பேன் நான்.

ரேடியோ சொன்னது ஒரே வரி. மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. சாமளாபுரம் தறிக்குடோனில் கேட்டால், சைனாக்காரன் கயிறு வீசி ஹெலிகாப்டரைப் பிடித்துவிட்டான். பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் கேட்டால், நாச்சிமுத்து மலையில் குதித்துச் சாமியாராகிவிட்டான். டீக்கடையில் ஒருவர் காந்தமலையையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"அந்த மலை பூராவும் காந்தக்கல்லுங்க. மேல இரும்பு போனா உடுமா?"

"அப்ப நம்ம பட்டாளத்தான் பூட்ஸ் லாடத்தோட எப்படீங்க நடக்கறான்?"

"அதாங்க மெதுவா நடக்கறான்!"

பனியன் கட்டிங் துணி வாங்குகிற ராவுத்தர் கடை ரேடியோவில்தான் எல்லாரும் சேதி கேட்பது. அவர்தான் பொறுக்கமாட்டாமல், "காணோம்னுதானுங்க அவன் சொன்னான். அதுக்கு மேல நீங்க எதுக்குச் சேதி வாசிக்கிறீங்க?" என்று ரேடியோவை அணைத்துவிட்டார்.

இந்தப் பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு உங்கள் மருமகள் சரசுவதி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். தலையில் பூ இருந்தது. அதுதான் சிலருக்குக் கண்ணில் குத்தியது.

நோன்பு நெருங்கியது. கோயில் முன்னால் நடுகிற மரக்கம்பம்தான் மாரியாத்தாளுக்குப் புருஷன். நட்டதும் கழுத்தில் தாலி இருக்கிற கட்டுக்கழுத்திகள்தான் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பத்தைத் தோள்கொடுத்து நடுகிற மரியாதை உங்கள் பெரிய பங்காளி குப்பண்ணனுக்கு. அவர் என் வீட்டுக்கே வந்தார்.

"மாப்ள, போனவன் போயிட்டான். அந்தப் புள்ளையக் கம்பத்துக்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிப் போடுங்க. தாலி விசயத்த நோன்பு முடிஞ்சு பேசிக்கலாம்."

சரசு வாசலிலேயே நின்றிருந்தாள். அழவில்லை, மச்சான். "எங்கூட்டுக்காரர் வந்ததும், கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனியான்னு கேப்பாருங்க. நான் என்னன்னுங்க சொல்றது?" என்றாள்.

குப்பண்ணன் வாயைத் திறக்குமுன் நான் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினேன். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். நான் காம்பு கிள்ளினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

"சரிங்க மச்சான். பையன் போயிட்டான்னே வெச்சுக்குவோம். சாவுத் தீட்டு யாருக்குங்க? நான் உங்க குலத்துல பொண்ணுக் கட்டுனவன், எனக்கில்லீங்க. நீங்க பங்காளி, உங்களுக்குத்தானுங்க. கேட்ட நாள்ல இருந்து கருமாதி முடியற மட்டும் தீட்டு. கம்பம் வர்ற செவ்வாக்கெழமை. அப்பறம் நீங்க எப்படீங்க கம்பத்தத் தொடுவீங்க?"

அவர் துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டார். மறுபடி உதறினார்.

"இந்த வருசம் உங்க மரியாதைய வேற குலத்துக்காரங்களுக்குக் குடுத்தரலாமுங்களா?"

"எவன் சொன்னான் பையன் செத்துட்டான்னு?" என்று அவர் போட்ட சத்தம் ராவுத்தர் கடை வரை கேட்டதாம். "எங்க பங்காளி மவன் குத்துக்கல்லாட்ட இருப்பான்! ஏங்கண்ணு சரசு, சொம்பக் கழுவி வெய்யி. செவ்வாக்கெழமை வெடியால வந்திரோணும்!"

அன்று முதல் டீக்கடையில் காந்தமலைக்காரரோடு சண்டை போடுவது அவர்தான். ஒருவனைச் சாகடிக்க வந்தவரே அவனுக்குக் காவலாகிவிட்டார். சாமி காரியம் என்பது இதுதானோ, மச்சான்?

செவ்வாய்க்கிழமை குப்பண்ணன் கம்பம் நட்டார். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக உங்கள் மருமகள் முன்வரிசையில் நின்று ஊற்றினாள்.

அவன் இருக்கிறானா? எனக்குத் தெரியாது. ஆனால் வருவான் என்றுதான் என் மனசு சொல்கிறது. வந்ததும் உங்களைப் புதைத்த இடத்துக்குக் கூட்டி வருவேன். ஊர் அவனுக்குக் கட்டிய கதையை எல்லாம் உங்களுக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரிக்க வைப்பேன். வேறு சேதி வந்தாலும் நானே வந்து சொல்வேன். சேதி வருகிற வரை ஊர் வாயில் அவனைச் சாகவிட மாட்டேன். இது என் வாக்கு.

எழுதுகிற கை யாருடையது என்று சொல்கிறேன் என்றேனே. சரசுவதியின் கைதான். ஒவ்வொரு வரிக்கும் வளையல் சத்தம் கேட்கிறது, மச்சான்.

உங்கள் தங்கச்சியைக் கட்டிய,
உங்கள் மாப்பிள்ளை